சக்தன் தம்புரான்

மட்டாஞ்சேரி அரண்மனையைச் சுற்றி வாழும் நம்மவர்களுள் அதனுள் ஒருமுறையேனும் சென்று பாராதவர் சிலரே. போர்த்துகீசியர் 1555ஆம் ஆண்டளவில் கட்டிக் கொடுத்து, டச்சுக்காரர் பின்னர் புதுக்கிய மாளிகை அது. பிற்காலக் கொச்சி மன்னர்களின் உருவப்படங்கள் அங்கே வரிசையாக உள்ளன. ஆனால் மக்கள் நாவில் இன்றும் வாழும் மன்னரின் காலம் அப்படங்களுக்கெல்லாம் முந்தியது. இராமவர்மர் என்னும் அவருடைய இயற்பெயர் சொன்னால் பலருக்கும் விளங்காது. சக்தன் தம்புரான் என்றால் சிறு குழந்தைக்கும் விளங்கும். திருச்சூரில் பேருந்து நிலையம் ஒன்றுக்குக்கூட அவர் பெயரே வழங்குகிறது.

அவர் 1751ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 26ஆம் நாள் வெள்ளாரப்பள்ளியில் பிறந்தார். அவருடைய இளமைக் காலத்தில் பெரும்படப்பு ஸ்வரூபம் என்னும் கொச்சி அரச குலம் நொடித்துக் கிடந்தது. வடக்கே சாமூதிரியின் படை நாட்டுக்குள் புகுந்திருந்தது. அதனை விரட்டத் திருவிதாங்கூரின் துணை வேண்டியதாயிற்று. துணைக்கு விலையாக ஆலங்காடும் பறவூரும் கைமாறின. உள்நாட்டிலோ நாடுவாழிகளும், கோயில் நிர்வாகத்தைப் பிடித்திருந்த யோகாதிரிப்பாடுகளும் அரசர் சொல்லுக்கு அடங்குவதில்லை. இந்நிலையில், 1769இல், பதினெட்டு வயது இளைஞரான இராமவர்மரிடம் ஆட்சிப் பொறுப்பு ஒப்புவிக்கப்பட்டது. அவர் முடி சூடியது 1790இலேயாயினும், அதற்கு முந்திய இருபது ஆண்டுகளும் அரசின் கடிவாளம் அவர் கையில்தான் இருந்தது.

அக்காலக் கொச்சியின் நிலையை எண்ணிப் பாருங்கள். வடக்கே மைசூர்ப் புலி, தெற்கே திருவிதாங்கூர், மேற்கே கடலோரக் கோட்டையில் டச்சுக் கம்பெனி, சற்றுத் தொலைவில் வளர்ந்துகொண்டிருந்த ஆங்கிலக் கம்பெனி. ஐதர் அலி 1766இல் மலையாளத்துக்குள் இறங்கியபோதே கொச்சி கப்பம் கட்ட இசைந்து தப்பியது. 1788இல் ஐதரின் மகன் திப்பு சுல்தான் பாலக்காட்டுக்கு வந்து கொச்சியைப் பேச்சுக்கு அழைத்தார். திருவிதாங்கூர் மன்னரும் மைசூருக்குக் கப்பம் கட்டுமாறு கொச்சியே இணங்கச் செய்ய வேண்டும் என்பது திப்புவின் விருப்பம். மறுத்தால் திப்புவின் கோபம். வற்புறுத்தினால் அண்டை நாட்டின் பகை. கொச்சி மறுக்கவுமில்லை, வற்புறுத்தவுமில்லை. செய்தியைத் தென்புறம் கொண்டு சேர்த்தது. திருவிதாங்கூரின் தர்மராஜா இணங்கவில்லை. தூது சென்றவர் பொறுப்பு அதனோடு முடிந்தது!

சிறிய அரசு பெரிய அரசுகளிடையே பிழைக்கும் இக்கலை உலகுக்குப் புதியதன்று. எகிப்து நாட்டின் தாலமிக் குலத்து மன்னர் ஒருவர் பெரும்பொன் கொடுத்து ரோமாபுரியின் நட்பை வாங்கினார். அவர் மகள் கிளியோபாத்ரா ஜூலியஸ் சீசரைத் தன் பக்கம் சேர்த்து அரியணை பெற்றாள்; சீசர் மாண்டபின் மார்க் ஆண்டனியை நம்பினாள். அறிவிலும் சொல்வன்மையிலும் அவளுக்குக் குறைவில்லை. ஆனால் கி.மு. 31இல் ஆக்டியம் கடற்போரில் ஆண்டனி தோற்றார். மறு ஆண்டே அவளும் மாண்டாள், எகிப்து ரோமாபுரியின் மாகாணமாயிற்று. எந்தப் பெரியவனைச் சார்வது என்பதில் கணக்குத் தவறினால் நாடே போய்விடும்.

இராமவர்மரின் கணக்குத் தவறவில்லை. 1789 டிசம்பர் 29ஆம் நாள் திப்பு நெடுங்கோட்டையைத் தாக்கினார். திருவிதாங்கூர் கட்டிய அம்மதிலின் ஒரு பகுதி கொச்சி மண்ணிலேயே எழுந்திருந்தது என்பதே சண்டைக்கு அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. அடுத்த ஏப்ரலில் மதில் உடைந்தது. ஆனால் மழையும் ஆங்கிலக் கம்பெனியின் போரும் அவரைத் திரும்பச் செய்தன. இராமவர்மர் மைசூரை உதறிக் கம்பெனியோடு பேசி, 1791 ஜனவரியில் உடன்படிக்கை செய்துகொண்டார். முதலாண்டு கப்பம் 70,000 ரூபாய், இரண்டாமாண்டு 80,000, மூன்றாமாண்டு 90,000, அதன்பின் ஆண்டுதோறும் ஒரு லட்சம். கட்டண அட்டவணையோடு காலந்தள்ளும் நமக்கு இந்தப் படிப்படியான ஏற்றம் சிரிப்பை வரவழைக்கிறது. எனினும் டச்சுக்காரரின் நாள் முடிகிறது, ஆங்கிலேயரின் நாள் தொடங்குகிறது என்பதை அவர் காலத்தே கண்டுகொண்டார். 1795 அக்டோபரில் கொச்சிக் கோட்டை ஆங்கிலேயர் வசமானபோது அவர் ஏற்கெனவே வெல்லும் பக்கத்தில் நின்றிருந்தார்.

மேலோரிடம் இத்துணை நயம் காட்டியவர் கீழோரிடம் நயம் காட்டினாரில்லை. நாடுவாழிகளின் அதிகாரத்தைப் பறித்துத் தம் காரியக்காரர்களை நியமித்தார். யோகாதிரிப்பாடுகளை அகற்றிக் கோயில்களை அரசின் கீழ்க் கொணர்ந்தார். கள்வர்க்கு அவர் அளித்த தண்டனைகளைப் பற்றிய கதைகள் கணக்கில. அவற்றுள் எத்தனை மெய், எத்தனை பாட்டிமார் கூட்டியவை என்று பிரித்தறிதல் அரிது.

இனி நாம் கூறப் போவது கதையன்று. நமக்கு அடுத்த தெருவில் நடந்தது. கோவாவில் போர்த்துகீசியரின் கொடுமைக்குத் தப்பி வந்த கொங்கணியர் மட்டாஞ்சேரிச் செறளாயியில் குடியேறி, வாணிபத்தால் செழித்து, திருமலை தேவஸ்தானத்தை நிறுவியிருந்தனர். 1663 முதல் டச்சுக்காரரின் பாதுகாப்பு அவர்களுக்கு இருந்தது. கம்பெனிக்குக் கட்ட வேண்டிய கப்பமும் போரின் செலவும் அரசரை நெருக்கின. கொங்கணியரின் செல்வமும் கோயிலின் செல்வமும் அவர் கண்ணுக்குப் புலப்பட்டன. கேட்ட பணத்துக்கு அவர்கள் இசையவில்லை. 1791 அக்டோபரில் அவருடைய ஆட்கள் புகுந்தனர். தேவரேச கிணி என்னும் தலைவரும் வேறு சிலரும் கொல்லப்பட்டனர், கடைகள் சூறையாடப்பட்டன. டச்சு கவர்னர் வான் ஆங்கல்பெக் தலையிட்டதால் அரசருக்கும் டச்சுக்காரருக்கும் போர் மூளும் நிலை வந்தது. கொங்கணியர் தம் தெய்வத் திருவுருவத்தையே எடுத்துக்கொண்டு திருவிதாங்கூர் எல்லைக்குள் சென்று, முடிவில் ஆலப்புழையில் நிலைபெற்றனர். அங்கே திவான் கேசவதாஸ் வளர்த்துவந்த புதிய துறைமுகத்துக்கு வணிகர் தேவைப்பட்டனர். கொச்சியின் நட்டம் ஆலப்புழையின் ஆதாயமாயிற்று.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே குலத்து மன்னர் ஒருவர் சொர்ணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு இருப்புப்பாதை போட நினைத்து, தம் சொந்தத் திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்றுப் பணம் திரட்டினார் என்பர். அப்பாதை 1902இல் திறக்கப்பட்டது. இரயில்வேயில் உப்புத் தின்னும் நாம் அவரைச் சற்றுக் கூடுதலாகப் போற்றினால் அன்பர்கள் பொறுத்தருள்க. பிழைப்பு நாடிப் பிற நாட்டில் கடை விரித்த குடிகளின் நிலை என்ன என்பதைக் கொச்சங்காடியில் வாழும் நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வல்லவனுக்கு வளைந்து கொடுத்துப் பெற்ற அமைதியின் விலையை எளியவர்களிடம் வாங்கியது தகாது என்பதே நம் எண்ணம்.

ஆயினும் குடியேறிய அனைவரையும் அவர் வெறுத்தாரல்லர். திருச்சூரைத் தம் இருப்பிடமாக்கி, வடக்குநாதர் கோயிலைச் சூழ்ந்திருந்த தேக்கங்காட்டை வெட்டித் திறந்த வெளியாக்கினார். காட்டை அழித்தல் தெய்வத்துக்கு ஆகாது என்று ஆவேசமாடித் தடுத்த வெளிச்சப்பாட்டின் தலையை அவரே வெட்டினார் என்று ஒரு கதை உண்டு. சுரியானிக் கிறிஸ்தவ வணிகக் குடும்பங்கள் ஐம்பத்திரண்டை வரவழைத்துக் கோயிலைச் சுற்றிக் கடைவீதி அமைத்தார். மழையால் காலந்தாழ்ந்து சென்ற திருச்சூர்க் கோயில்களை ஆறாட்டுப்புழைப் பூரத்தில் சேர்க்க மறுத்ததாகவும், அது கேட்டு அவர் திருச்சூரிலேயே தனிப் பூரம் ஏற்படுத்தியதாகவும் சொல்வர். குடைமாற்றத்தைக் காண வண்டி ஏறும் நம் பிள்ளைகள் அவருக்குக் கடன்பட்டவர்களே. அங்கே வணிகரை அழைத்த கை இங்கே வணிகரை விரட்டியது. அங்கே அழைத்தவர்கள் அவருக்கு அடங்கியவர்கள், இங்கே இருந்தவர்கள் கோட்டையின் நிழலில் நின்றவர்கள் என்பது தவிர வேறு காரணம் நமக்குத் தோன்றவில்லை.

1805 செப்டம்பர் 26ஆம் நாள், ஐம்பத்து நான்காம் வயதில், அவர் திருச்சூரில் காலமானார். அடுத்து வந்தவருக்கு அவருடைய வன்மை இல்லை. பாலியத்து அச்சனும் திருவிதாங்கூரின் வேலுத்தம்பியும் கம்பெனியை எதிர்த்துக் கிளர்ந்து தோற்றபின், 1809ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கப்பம் 2,76,037 ரூபாயாக உயர்ந்தது.

ஆலப்புழைக்குச் சென்ற வேங்கடாசலபதியின் திருவுருவம் 1853ஆம் ஆண்டிலேதான் செறளாயிக்குத் திரும்பி வந்தது.