பிரித்துப் பார்த்துப் படித்தவர் – ஜி.டி.நாயுடு

நைனார்பாளையத்திலோ, சின்னசேலம் பக்கம் வேறு ஊரிலோ இருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் நன்றாகத் தெரிந்திருக்கும். கரண்ட் வந்ததும் வயல்காட்டில் முதலில் கேட்பது என்ன? கிணற்று மேட்டில் மோட்டார் ஓடும் சத்தம்! கொட்டகைக்குள் போய் சுவிட்சைப் போட்டால் போதும், குழாயிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று தொட்டியில் விழுகிறது. மக்காச்சோளம், மரவள்ளி, பருத்தி எல்லாம் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன.

தாத்தா, பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, கிணற்றில் கவலை இறைத்ததைப் பார்த்திருப்பார்கள். இரண்டு மாடுகள் சரிவில் இறங்கி நடக்கும். வடக்கயிறு இழுபடும். கிணற்றுக்குள் இருந்து தோல் பை நிரம்பி மேலே வந்து தண்ணீரைக் கொட்டும். மாடுகள் பின்னாலேயே நடந்து மேலே ஏறி வரும். மறுபடி இறங்கும். விடியற்காலையில் தொடங்கினால் வெயில் ஏறும் வரை இதே வேலைதான். மாடும் களைத்துவிடும், மனிதரும் களைத்துவிடுவார்.

அந்த மாடுகளின் வேலையை மோட்டார் வாங்கிக்கொண்டது. ஆனால் ஒரு காலத்தில் மின் மோட்டார் வேண்டும் என்றால், கடல் தாண்டி கப்பலில்தான் வரவேண்டும். அதை நம் ஊரிலேயே செய்து காட்டியவர்களில் முக்கியமானவர், மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட ஒருவர். அவர்தான் கோவை ஜி.டி.நாயுடு.

கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது முழுப்பெயர். கோவைக்குப் பக்கத்தில் உள்ள கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23-ம் தேதி பிறந்தார். விவசாயக் குடும்பம். பிறந்த கொஞ்ச நாளிலேயே அம்மா இறந்துவிட்டார். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. ஆசிரியரின் முகத்தில் மண்ணை அள்ளி வீசிவிட்டு ஓடிவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். (நீங்கள் அதைச் செய்து பார்க்க வேண்டாம்!) வயலில் வேலை செய்தார். கிடைத்த புத்தகங்களைத் தானாகவே படித்தார்.

ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாட்டு வண்டியையும் குதிரை வண்டியையும் மட்டுமே பார்த்திருந்த ஊர் அது. மாடும் இல்லை, குதிரையும் இல்லை, ஆனால் வண்டி ஓடுகிறது! துரைசாமிக்கு அன்று முதல் வேறு நினைப்பே இல்லை. எப்படியாவது அப்படி ஒரு வண்டி வாங்க வேண்டும். வாங்குவது ஓட்டுவதற்காக மட்டும் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கையில் காசு இல்லை. கோவைக்குப் போய் ஓட்டலில் சப்ளையர் வேலைக்குச் சேர்ந்தார். இலை போட்டு, தண்ணீர் வைத்து, பரிமாறி, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார். சுமார் 300 ரூபாய் சேர்ந்ததும், அதே மாதிரி ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

வாங்கியவர் என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக் கீழே பரப்பினார். பிறகு ஒவ்வொன்றாகப் பொருத்தி மறுபடி ஓட வைத்தார். சொல்லித் தர யாரும் இல்லை. பூட்டியது தப்பானால் வண்டி கிளம்பாது, சரியானால் கிளம்பும். வண்டிதான் அவருக்கு வாத்தியார், பரீட்சையும் அதுவேதான்!

அதன் பிறகு திருப்பூரில் பஞ்சுத் தொழில் செய்தார். முதல் உலகப்போர் சமயத்தில் நல்ல லாபம் வந்தது. அந்தத் தைரியத்தில் பம்பாய்க்குப் போய் பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். அங்கே கையைச் சுட்டுக்கொண்டு திரும்பி வந்தார். பணம் போனது. கழற்றி மாட்டத் தெரிந்த கை மட்டும் மிச்சம்.

கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் இருந்தார். அவருடைய மோட்டார் கம்பெனியில் நாயுடு வேலைக்குச் சேர்ந்தார். இந்த இளைஞரின் திறமை ஸ்டேன்ஸ் கண்ணில் பட்டது. சொந்தமாக பஸ் வாங்க அவரே கடன் கொடுத்து உதவினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே அந்த ஒற்றை பஸ் ஓடத் தொடங்கியது.

ஒரு பஸ் பல பஸ் ஆனது. கம்பெனிக்கு யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்று பெயர். மக்கள் அதைச் சுருக்கி யு.எம்.எஸ். என்றார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பஸ் என்றால் பழுதாகும். பாகம் தேய்ந்தால் புதிது சீமையிலிருந்து வர வேண்டும். கடிதம் போட்டு, கப்பலில் வந்து சேர மாதங்கள் ஆகும். அதுவரை வண்டி நின்றால் பிழைப்பு என்ன ஆகும்? அதனால் நாயுடு பட்டறை வைத்தார். பழுது பார்க்க வைத்த பட்டறையில் பாகங்கள் செய்தார்கள். பாகம் செய்யப் பழகிய கை, முழு இயந்திரத்தையே செய்ய ஆசைப்பட்டது. பஸ் கம்பெனி இப்படித்தான் இன்ஜினியரிங் கம்பெனியாக மாறியது.

சரியான நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. 1932-ல் நீலகிரி மலையில் பைக்காரா ஆற்றுத் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். அது கோவைக்கு வந்தது. பஞ்சாலைகளுக்கு மோட்டார் தேவைப்பட்டது. கிணற்றுக்கும் தேவைப்பட்டது. கோவைப் பக்கம் கிணறுகள் மிக ஆழம். தண்ணீர் எட்டாத ஆழத்தில் கிடந்தது, மின்சாரம் வாசலில் வந்து நின்றது. நடுவே மோட்டார்தான் இல்லை!

மோட்டாருக்குள் என்ன இருக்கிறது? வெளியே அசையாமல் நிற்கும் ஒரு கூடு. அதன் உட்புறம் செப்புக் கம்பியைச் சுருள் சுருளாகக் கட்டியிருப்பார்கள். மின்சாரம் அந்தச் சுருள்களில் பாய்ந்தால் அவை காந்தமாகிவிடும். அந்தக் காந்த விசை உள்ளே சுற்றிச் சுற்றி வரும். நடுவில் இருக்கும் உருளை அதன் பின்னாலேயே ஓடும். உருளையோடு பம்பை இணைத்தால் தண்ணீர் வருகிறது. மோட்டார் எரிந்து போனால் அப்பா காயில் கட்டும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார் அல்லவா? அங்கே கழற்றி வைத்திருக்கும்போது எட்டிப் பாருங்கள், எல்லாம் தெரியும்.

சொல்வதற்குச் சுலபம். கம்பிக்கு மேல் பூசும் பூச்சு சரியில்லை என்றால் எரிந்துவிடும். உருளைக்கும் கூட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி மயிரிழை மாறினாலும் உரசும். நாயுடுவும், டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937-ல் மின் மோட்டாரைச் செய்து முடித்தார்கள். இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். இந்த பாலசுந்தரம்தான் பின்னாளில் டெக்ஸ்டூல் என்ற பெரிய ஆலையை நிறுவியவர். கோவையைத் தனி ஒரு மனிதர் கட்டிவிடவில்லை. பி.எஸ்.ஜி. அறநிலையம் போன்றவையும், எத்தனையோ வார்ப்படப் பட்டறைக்காரர்களும் சேர்ந்துதான் அதைத் தொழில் நகரம் ஆக்கினார்கள். இன்று இந்தியாவில் தயாராகும் பம்புசெட்டுகளில் பெரும் பங்கு அந்த ஊரில்தான் தயாராகிறது.

நாயுடுவுக்கு ஒன்றில் நிற்கத் தெரியாது. பேட்டரியில் ஓடும் குட்டி மோட்டார் வைத்து சவரம் செய்யும் கருவி, மிக மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, ஓட்டுப்பதிவு இயந்திரம் என்று போய்க்கொண்டே இருந்தார். காலையில் அஸ்திவாரம் போட்டு, 11 மணி நேரத்தில் ஒரு வீட்டையே கட்டிக் காட்டினார். லண்டனுக்குப் போனவர், 1936-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவில் படம் பிடித்தார். தோட்டத்தில் பருத்திச் செடியைப் பத்தடி உயரம் வளர்த்தார். உங்கள் ஊர்ப் பருத்தி உங்கள் நெஞ்சு அளவுதான் இருக்கும், நினைத்துப் பாருங்கள்! சர் சி.வி.ராமனே வந்து அவருடைய தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

கோவைக்குப் போனால் அவிநாசி சாலையில் 'ஹோப் காலேஜ்' என்று ஒரு பஸ் நிறுத்தம் வரும். இறங்கித் தேடினால் அந்தப் பெயரில் காலேஜ் எதுவும் இருக்காது! அதன் கதை இதுதான். 1945-ல் நாயுடுவின் முயற்சியிலும் நன்கொடையிலும் அங்கே ஒரு பொறியியல் கல்லூரி தொடங்கியது. அப்போதைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயர் வைத்தார்கள். மூன்றாம் வகுப்பு படித்தவர் அதற்கு முதல்வராக இருந்தார்! நான்கு வருடப் படிப்பை இரண்டு வருடத்தில் முடித்துவிடலாம், மிச்சக் காலத்தைப் பட்டறையில் கழிப்பது மேல் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. நாயுடு விலகிவிட்டார். கல்லூரி பின்னர் தடாகம் சாலைக்குப் போய்விட்டது. அதுதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பஸ் நிறுத்தம் மட்டும் பழைய பெயரை விடவில்லை.

இரண்டு வருடம் போதுமா, போதாதா? பாலம் கட்டுகிறவரும் பெரிய இயந்திரம் செய்கிறவரும் கணக்கு ஆழமாகப் படித்துத்தான் ஆக வேண்டும். அந்த விஷயத்தில் அரசாங்கம் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அடுத்ததாக நடந்ததைக் கேட்டால் உங்களுக்கே மனசு கஷ்டமாக இருக்கும்.

1952-ல் நாயுடு இரண்டு பேர் போகக்கூடிய ஒரு சின்ன பெட்ரோல் காரைச் செய்தார். விலை 2,000 ரூபாய்தான். ஆனால் அதற்கு முந்தைய வருடம் ஒரு சட்டம் வந்திருந்தது. அதன்படி, முக்கியமான தொழில்களில் ஆலை தொடங்க வேண்டும் என்றால் மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டும். நாயுடுவின் காருக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. கார் பட்டறையோடு நின்றுபோனது.

இதே நேரத்தில் வேறு நாட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். இத்தாலியில் டூரின் நகரத்தில் 1899-ல் தொடங்கிய ஃபியட் கம்பெனி, 1936-ல் இரண்டு பேர் போகிற குட்டிக் கார் ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. மிக்கி மவுசுக்கு அந்த நாட்டில் வழங்கும் பெயரான டோபோலினோ என்றே மக்கள் அதைச் செல்லமாகக் கூப்பிட்டார்கள். 1955-க்குள் ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. நம் நாட்டிலும் பம்பாயில் பிரீமியர் கம்பெனி, ஃபியட் கார்களைத்தான் லைசென்ஸ் வாங்கித் தயாரித்தது. உங்கள் அப்பா பழைய சினிமாவில் பார்த்திருக்கும் அந்த ஃபியட் கார்தான். இத்தாலியக் குட்டிக் காருக்குப் பின்னால் பெரிய ஆலையும், கடன் தர வங்கிகளும், ஆயிரக்கணக்கான தொழிலாளர்களும் இருந்தார்கள். கோவைக் குட்டிக் காருக்குப் பின்னால் ஒரே ஒரு மனிதரும் அவருடைய பட்டறையும்தான். அது ஓடியிருக்குமா, நஷ்டத்தில் முடிந்திருக்குமா? ஓடிப் பார்க்கவே வழி இல்லாமல் போனதுதான் வருத்தம்.

வரியும் அவரைக் கோபப்படுத்தியது. சம்பாதிப்பதில் பெரும் பகுதியை வரியாகக் கட்டிவிட்டால் ஆராய்ச்சிக்கு எதை வைப்பது என்று வாதாடினார். கடைசியில், தான் செய்த பொருட்களை ஜனங்களைக் கூட்டி வைத்து, அவர்கள் கண் முன்னாலேயே உடைத்துப் போட்டார். ராத்திரி பகலாகக் கண் விழித்துச் செய்தவரே சுத்தியலால் அடித்தார். கோபத்தில் பொம்மையை உடைத்துவிட்டு அழும் குழந்தையைப் பார்த்திருக்கிறீர்களா? எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது. உடைத்ததால் சட்டம் மாறிவிடவில்லை. இழப்பு அவருக்கும் நமக்கும்தான்.

அதன் பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. பையன்களைச் சேர்த்து வைத்து, குறைந்த நாட்களில் தொழில் கற்றுக்கொடுத்தார். ரேடியோவைப் பிரித்து மாட்டுவது, மோட்டார் வண்டி பழுது பார்ப்பது என்று எல்லாம் கையால் செய்துதான் படிக்க வேண்டும். தான் சேர்த்த விதவிதமான கருவிகளை எல்லோரும் பார்க்கும்படி அவிநாசி சாலையில் கண்காட்சியாக வைத்தார்.

1974 ஜனவரி 4-ம் தேதி ஜி.டி.நாயுடு காலமானார். அதே அவிநாசி சாலையின் மேலே 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மேம்பாலம் கட்டி, 2025 அக்டோபரில் திறந்தார்கள். அதற்கு ஜி.டி.நாயுடு மேம்பாலம் என்று பெயர். ஹோப் காலேஜ் நிறுத்தம் இப்போது அந்தப் பாலத்துக்குக் கீழே இருக்கிறது.