மக்களோடு இடம்பெயர்ந்த மேய்ப்பர்

ஆர்ஜென்ரீனாவின் வடகிழக்கே மிசியோனெஸ் மாகாணத்துக்குச் செல்வோர் சன் இக்னாசியோ மினியின் செந்நிறக் கற்சுவர்களின் முன் வியந்து நிற்பர். அண்மையிலுள்ள லொரேற்றோவிலோ வியக்க அதிகமில்லை. மரவேர்கள் கற்களைப் பற்றிப் பிடித்திருக்கும் காடு அது. இரண்டும் 1984இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தவை. குவரானி மக்களும் இயேசு சபைக் குருக்களும் அங்கே ஒன்றாக வாழ்ந்தனர். பொதுநிலத்தின் விளைச்சல் விதவைகளையும் அநாதைகளையும் நோயாளரையும் தாங்கியது. 1767இல் ஸ்பானிய மன்னர் மூன்றாம் சார்ள்ஸ் இயேசு சபையினரை நாடு கடத்த, அவ்வாழ்வு சிறிது சிறிதாகக் கலைந்தது.

இவ்விரு ஊர்களும் அகதிகள் கட்டியவை. அவர்களை அழைத்து வந்தவர் அருட்தந்தை அன்ரோனியோ றூயிஸ் டி மொன்ரோயா.

1585இல் பெருவின் லீமா நகரிற் பிறந்த இவர் சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தார். இளமையைச் சண்டையிலும் களியாட்டத்திலும் கழித்து, பின் மனம் திரும்பி, 1606இல் இயேசு சபையிற் சேர்ந்தார். 1612இல், இன்று பிரேசிலுக்குள் அடங்கும் குவைரா காட்டை அடைந்தார். குவரானி மொழியை அம்மக்களோடு வாழ்ந்தே கற்றார். அவர் தொகுத்த பெரிய அகராதி 1639இல் மாட்றிட்டில் அச்சேறியது.

1628 தொடக்கம் சாவோ பவுலோவிலிருந்து அடிமை வேட்டைக்காரர் திரண்டு வந்து, ஊர் ஊராக எரித்து, ஆயிரக்கணக்கானோரைச் சங்கிலியிட்டுக் கொண்டுசென்றனர். அவர்களும் திருமுழுக்குப் பெற்ற கிறிஸ்தவர்களே என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1631இல் மொன்ரோயா தாம் கட்டியெழுப்பிய ஆலயங்களைக் கைவிடத் துணிந்தார். ஏறக்குறைய 12,000 பேர் 700 தெப்பங்களில் ஆற்றிலே இறங்கினர். பரானா ஆற்றின் குவைரா நீர்வீழ்ச்சி வழிமறித்தது. ஆளில்லாத 300 தெப்பங்களை முதலில் விட்டுப் பார்த்தார்கள், எல்லாம் நொறுங்கிப்போயின. எனவே குழந்தைகளையும் மூட்டைகளையும் சுமந்தபடி காட்டுவழியே நாட்கணக்கில் நடந்தனர். பசியிலும் நோயிலும் மாண்டோரும் காட்டிற் சிதறியோரும் போக, புதிய இடத்திலே நிலைத்தோர் 4000 பேர் அளவினரே. அந்த நீர்வீழ்ச்சியும் இன்றில்லை. 1982இல் இத்தைப்பு அணையின் நீரில் மூழ்கிவிட்டது.

பின்னர் மொன்ரோயா ஸ்பானிய அரசவைக்குச் சென்று, தம் மக்கள் துப்பாக்கி ஏந்த அனுமதி கேட்டார். ஒரு குரு ஆயுதம் கேட்பதா என்று நாம் இலகுவிற் கேட்டுவிடலாம். ஓடக்கூடிய தூரமெல்லாம் ஓடி முடித்த பின்னரே அவர் கேட்டார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1641 மார்ச்சில் ம்போரோறே ஆற்றருகே குவரானிகள் வேட்டைக்காரரை முறியடித்தபோது அவர் அங்கிருக்கவில்லை. அந்த அனுமதிக்காகவே பின்பு லீமாவிலும் அலைந்தார். தம் மக்களிடம் மீண்டும் சென்று சேர அவருக்கு வாய்க்கவேயில்லை.

1652 ஏப்ரல் 11ஆம் நாள் லீமாவில் இறந்தார். குவரானிகள் அந்தத் தொலைவெல்லாம் வந்து, அவரது உடலைச் சுமந்து சென்று லொரேற்றோவில் அடக்கம் செய்தனர்.