பாரதியும் 11-ம் நம்பரும்: பிறந்த தேதி, இறந்த தேதி... உண்மையில் ஒற்றுமை இருக்கிறதா?

டிசம்பர் 11, செப்டம்பர் 11. மகாகவி பாரதியாரின் பிறந்தநாள், நினைவுநாள் இரண்டிலும் 11 வருகிறது. அவருக்கு பாரதி பட்டம் கிடைத்ததும் 11 வயதில். சிகாகோவில் விவேகானந்தர் பேசியதும் 1893 செப்டம்பர் 11-ல்தான். இதெல்லாம் தற்செயலா? பாரதியின் வாழ்க்கையையே எடுத்துப் பார்ப்போம்.

எட்டயபுரத்து சுப்பையா

1882 டிசம்பர் 11. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த எட்டயபுரத்தில் சின்னசாமி ஐயர் - லட்சுமி அம்மாள் தம்பதிக்குப் பிறந்தார் சுப்பிரமணியன். வீட்டில் சுப்பையா. 5 வயதில் தாயை இழந்தார். பாட்டு கட்டும் திறமையைப் பார்த்து, எட்டயபுரம் அரசவையில் கிடைத்ததுதான் பாரதி என்ற பட்டம்.

இது நடந்தது 1893 என்கிறார்கள். ஆனா 11 வயது நிறைவடைந்தது அந்த ஆண்டு டிசம்பர் 11-ல்தான். அதற்கு முந்தைய மாதங்கள் என்றால், 11 என்பது நம்ம ஊர் வழக்கப்படி நடப்பு வயசு. நிறைந்த வயது 10.

நெல்லை முதல் கடையம் வரை

திருநெல்வேலி இந்து கல்லூரிப் பள்ளியில் படிப்பு. 1897-ல் கடையத்தைச் சேர்ந்த செல்லம்மாளுடன் திருமணம். அடுத்த ஆண்டே தந்தை மறைவு. பிறகு காசி, மதுரை, சென்னை, சுதேசமித்திரன், இந்தியா பத்திரிகை. கைதாகும் சூழல் வந்ததால் 1908-ல் புதுச்சேரிக்குப் போனார்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1918 நவம்பர் 20-ல் கடலூர் அருகே கைது. டிசம்பர் 14-ல் நிபந்தனையுடன் விடுதலை. இந்தத் தேதிகளில் 11 இல்லை, அதனால் யாரும் பேசுவதில்லை. தேடினால் நவம்பர் 11-வது மாதம்தானே என்று இதையும் சேர்த்துக்கொள்ளலாம்! இப்படித்தான் ஒற்றுமைகள் உருவாகின்றன. பொருந்துவது பட்டியலில் ஏறும், பொருந்தாதது மறந்துபோகும்.

விடுதலைக்குப் பிறகு கடையத்தில் வாழ்ந்தார். தன் எழுத்துகளை 40 புத்தகங்களாகக் கொண்டுவர நினைத்து, பலரிடம் கடன் கேட்டார். பணம் சேரவில்லை. 1920-ல் மீண்டும் சென்னை.

இறந்தது 11-ஆ, 12-ஆ?

1921-ல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை தள்ளியதில் காயம் ஏற்பட்டது. அதிலிருந்து தேறினார். ஈரோடு கருங்கல்பாளையத்துக்குப் போய், மனிதனுக்கு மரணமில்லை என்ற பொருளில் பேசினார். சில வாரங்களில் வயிற்றுக் கடுப்பு நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது.

உயிர் பிரிந்தது செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி, 1 மணிக்கு மேல். ஆங்கிலக் கணக்குப்படி அது செப்டம்பர் 12. மாநகராட்சி இறப்புப் பதிவிலும் 12 தான். ஆனா நம் வழக்கத்தில் சூரிய உதயம் வரை முந்தைய நாள். அதனால்தான் 11 நிலைத்தது. 2021 நூற்றாண்டில் தமிழ்நாடு அரசு செப்டம்பர் 11-ஐ மகாகவி நாளாக அறிவித்தது.

அதாவது, அந்த இரண்டாவது 11-ஐத் தந்தது விதி இல்லை. நாளை எண்ணும் முறை.

கணக்கு என்ன சொல்கிறது?

மாதத்துக்குச் சுமார் 30 நாள். எனவே பிறந்த தேதி எண்ணும் இறந்த தேதி எண்ணும் ஒன்றாக இருக்க 30-ல் ஒரு வாய்ப்பு. 100 பிரபலங்களை எடுத்தால் மூன்று பேருக்காவது இப்படி அமைவது சகஜம். காந்தி பிறந்த அக்டோபர் 2-ல் 1975-ல் காமராஜர் மறைந்ததும் இந்த வகைதான். மனசைத் தொடும், ஆனா அதில் ரகசியம் எதுவும் இல்லை.

கவனிக்க வேண்டிய எண்

11-ஐ விட கனமான எண் ஒன்று இருக்கிறது: 38. பாரதி வாழ்ந்தது 38 வயது 9 மாதம் மட்டுமே. இறுதி ஊர்வலத்தில் வந்தவர்கள் மிகச் சிலர். அவர் கடன் கேட்டும் அச்சேறாத எழுத்துகளின் உரிமையை 1949-ல் அரசே வாங்கி, பிறகு மக்களுக்குப் பொதுவாக்கியது. இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.