முன்ஷி அப்துல்லாஹ்: மனத்துக்கு மருந்து எழுதியவர்

மலாக்காவில் ஜாலான் முன்ஷி அப்துல்லாஹ் என்றொரு சாலை இருக்கிறது. சிங்கப்பூரிலும் ஆசிரியர்கள் குடியிருப்பில் அவர் பெயரில் ஒரு வீதி உண்டு. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படும் இப்பெரியாரின் கொள்ளுப்பாட்டனார் யமன் நாட்டிலிருந்து வந்து நாகூரில் மணமுடித்துத் தங்கியவர் என்பதை நம் பிள்ளைகளில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

18ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் மலாக்காவின் கம்போங் பாலியில் அப்துல்லாஹ் பிறந்தார். அவருக்கு முன் பிறந்த நான்கு ஆண்மக்களையும் சிறு பருவத்திலேயே பறிகொடுத்திருந்தார் தாயார் சலாமா. அழுது அழுது சித்தம் கலங்கியவர்போல் இருந்த அவருக்கு, அப்துல்லாஹ் என்ற அரபு நாட்டுப் பெரியவர் ஒருவர் ஆறுதல் கூறினார். அடுத்துப் பிறந்த பிள்ளைக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள். அந்தப் பிள்ளையும் நோஞ்சான்தான். பல பெண்கள் பாலூட்டித் தேற்றிய உடம்பு அது.

தகப்பனார் அப்துல் காதிர் கண்டிப்பானவர். குர்ஆன் ஓதி முடித்ததும் மகனைத் தமிழ் படிக்க அனுப்பினார். மலாக்கா வணிகர்களின் பேச்சும் கணக்கும் அந்நாளில் தமிழில் நடந்தன. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது அவ்வூரின் வழக்கம். அப்துல்லாஹ் இரண்டரை ஆண்டுகள் தமிழ் படித்தார். கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு ஓதிக்கொடுத்து, அவர்களிடமிருந்து இந்துஸ்தானி மொழியைக் கற்றுக்கொண்டார். ஆசிரியர் என்ற பொருளில் அவர்கள் அழைத்த முன்ஷி என்ற சொல் கடைசிவரை அவர் பெயரோடு நிலைத்தது.

ராஃபிள்ஸ் மலாக்காவில் இருந்தபோது, மலாய் நூல்களையும் கடிதங்களையும் படியெடுக்கும் எழுத்தர்களில் இளைஞர் அப்துல்லாஹ்வும் ஒருவர். 1811இல் ஜாவாவுக்குக் கப்பல்கள் புறப்பட்டபோது அவரையும் அழைத்துப்போக ராஃபிள்ஸ் விரும்பினார். அப்துல்லாஹ்வுக்கும் ஆசைதான். ஆனால் நான்கு பிள்ளைகளை மண்ணில் வைத்த தாய் சம்மதிக்கவில்லை. அவர் நின்றுவிட்டார். பேரும் பதவியும் தேடி வரும் வேளையில் உம்மாவின் சொல்லுக்காக நிற்பது இன்றைய இளைஞர்களுக்கும் எளிதல்ல. ஆனாலும் அவர் எழுத்து அதனால் குன்றிப் போய்விடவில்லை.

பின்னாளில் கிறிஸ்தவப் பாதிரிமார்களுக்கு மலாய் கற்பித்ததும், அவர்களுடைய வேத மொழிபெயர்ப்புக்கு உதவியதும் ஊராரின் ஏச்சைக் கொண்டுவந்தன. பாதிரி அப்துல்லாஹ் என்றே சிலர் பரிகசித்தார்கள். வெள்ளையரை அவர் அளவுக்கு மீறிப் புகழ்ந்தார் என்ற குறையை இன்றும் சொல்வோர் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. ஆயினும் அவர் தம் மார்க்கத்தை விட்டு விலகவில்லை.

அவருக்குச் சோறு போட்டது பாடம் சொல்லிக் கொடுப்பதும், பிறருக்காகக் கடிதமும் பத்திரமும் எழுதுவதும்தான். சிங்கப்பூர் உருவான பிறகு பிழைப்பு அங்கே, குடும்பம் மலாக்காவில் என்றாகிவிட்டது. கடல் கடந்து பிழைக்க வந்த நம் முன்னோர்களின் வாழ்வும் இப்படித்தானே இருந்தது! சம்பாதிப்பதும் ஊருக்குப் போய் வருவதுமான இந்த அலைச்சலுக்கிடையே கிடைத்த நேரத்தில்தான் சொந்த எழுத்து நடந்தது. 1830இல் சிங்கப்பூரில் மூண்ட பெருந்தீயைப் பற்றிக் கவிதை பாடினார். 1835இல் தமிழ் நண்பர் ஒருவரின் துணையோடு பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்குக் கொண்டுவந்தார். சிறுவயதில் தகப்பனார் கட்டாயப்படுத்திய இரண்டரை ஆண்டுப் படிப்பு அப்போது கைகொடுத்தது. 1838இல் கிளந்தானுக்குக் கப்பலேறிச் சென்று வந்து, கண்டதைக் கண்டபடி எழுதினார்.

இவையெல்லாம் ஏட்டில் ஏறிய புகழ். அவ்வளவாகப் பேசப்படாத சிறு நூல் ஒன்று இருக்கிறது. சித்தி லைலா என்ற அவருடைய சிறுமகள் மலாக்காவில் வஃபாத்தானபோது, மனைவியின் துக்கம் இரவும் பகலும் ஆறவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எப்படியாவாள் என்பதைத் தம் உம்மாவின் கதையாகக் கேட்டு வளர்ந்தவர் அப்துல்லாஹ். சிறுவயதில் இறக்கும் பிள்ளைகளைப் பற்றி, மனைவியின் ஆறுதலுக்காக அவர் ஒரு நூல் எழுதினார். அதற்கு வைத்த பெயர் தவாவுல் குலூப், அதாவது இதயங்களின் மருந்து. ஆளுநர்களுக்கும் வணிகர்களுக்கும் எழுதிப் பழகிய பேனா வீட்டுக்குள் அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணுக்காகவும் ஓடியது. அவர் எழுதியவற்றில் என் மனம் அதிகம் தங்குவது இந்த நூலில்தான்.

1840இல் அந்த மனைவியும் மறைந்தார். அதே ஆண்டில், நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்கத் தம் வரலாற்றை எழுதத் தொடங்கி, 1843இல் முடித்தார். ஹிகாயத் அப்துல்லாஹ் என்ற அந்நூல் 1849இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்தது. அரசர்களின் கதைகளே எழுதப்பட்டுவந்த மொழியில் ஓர் எளிய வாத்தியாரின் வீடும் தெருவும், பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடியும் புத்தகமாயின.

1854இல் ஹஜ்ஜுக்காகக் கப்பலேறினார். அந்தப் பயணத்தையும் எழுதிக்கொண்டே போனார். அந்த ஆண்டிலேயே புனித மண்ணில் அவருடைய ஆயுள் முடிந்ததால் பயணநூல் முற்றுப்பெறவில்லை. 1840இல் பிறந்த மகன் முகம்மது இப்ராஹிம் வளர்ந்து ஜொகூர் அரசில் உயர்ந்த பதவி வகித்தார். தந்தையைப் போலவே அவரும் தாம் சென்ற பயணங்களை எழுதிவைத்தார்.