குருதிப்பிணிக்கு மருந்து கண்ட சுப்பாராவ்

ஒரு மருந்து நம் கைக்கு வருமுன் எத்தனை தோல்விகளைக் கடக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எல்லாப்பிரகட சுப்பாராவின் வாழ்க்கை அதனை நமக்கு உணர்த்துகின்றது.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சார்ந்த பீமவரத்தில் 1895ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். இளமையிலேயே உடன்பிறந்தார் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய்க்குப் பறிகொடுத்தார். உண்ட உணவின் சத்து உடலிற் சேராமல், குருதி வெளிறி, உடல் மெலியச் செய்யும் நோய் அது. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றபோது கதர் அணிந்தமையால் அறுவைப் பேராசிரியரின் சினத்திற்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல் எல்.எம்.எஸ். தகுதியே பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று ஹார்வர்டில் ஆய்வு புரிந்து, 1940இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார்.

எலும்பு மஜ்ஜையில் குருதியணுக்கள் முதிர்வதற்கு இன்றியமையாதது ஃபோலிக் அமிலம். அதனை அவர்தம் குழுவினர் 1945இல் செயற்கையாக ஆக்கினர். சோகையும் ஸ்ப்ரூவும் அதனால் தணிந்தன. உடன்பிறந்தாரைக் கொண்டுபோன நோய்க்கு அவர் ஆய்வகத்திலிருந்தே மருந்து பிறந்தது.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் சிட்னி ஃபார்பர், அவ்வமிலத்தின் இனப்பொருள்களைக் குருதிப் புற்றுநோயுற்ற சிறார்க்கு அளித்துச் சோதித்தார். நோய் தணியவில்லை, விரைந்து வளர்வதாகவே தோன்றியது. அத்தோல்வியே வழி காட்டிற்று. ஒரு சத்து புற்றணுவை வளர்க்குமாயின், அச்சத்தைத் தடுப்பது புற்றணுவையும் தடுக்குமன்றோ? ஃபோலிக் அமிலத்தின் வடிவை ஒத்து, அதன் தொழிலை மறிக்கும் அமினோப்டெரினைச் சுப்பாராவின் குழுவினர் ஆக்கித் தந்தனர். அதனைப் பெற்ற சிறார் 16 பேருள் 10 பேருக்கு நோய் தணிந்தது.

அத்தணிவு நிலைக்கவில்லை, மருந்தின் நச்சுத்தன்மையும் சிறாரை வருத்தியது. ஆயினும், அந்நோய் மருந்துக்குப் பணியும் என்ற நம்பிக்கை அன்று பிறந்தது. 1948 ஜூனில் வெளிவந்த அவ்வாய்வுரையின் ஆசிரியர் வரிசையில் சுப்பாராவின் பெயர் இல்லை. அவ்வாண்டு ஆகஸ்டில், 53ஆம் வயதில், அவர் மறைந்தார்.

அவர் ஆய்வகத்தில் பிறந்த மெத்தோட்ரெக்சேட், பிற மருந்துகளோடு சேர்ந்து இன்றும் குருதிப் புற்றுநோயுற்ற சிறாரைக் காத்து வருகின்றது. மருந்தின் பெயரை அறிந்த நம் மாணாக்கர், அதனை ஆக்கியோரின் பெயரையும் அறிதல் வேண்டுமென விழைகின்றோம்.