வெர்னர் ஹைஸன்பர்க்

தம் தோல்வியை மறையாது வெளியிட்டு, பின்னர் அதன் காரணத்தையும் தாமே கண்டு புகழெய்தியோர் உலகிற் சிலரே. அவருள் ஒருவர் ஜெர்மானியப் பௌதிக அறிஞர் வெர்னர் ஹைஸன்பர்க்.

இவர் 1901-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5-ஆம் நாள் வூர்ட்ஸ்புர்க் நகரிற் பிறந்தார். தந்தையார் கிரேக்க மொழியில் வல்ல பேராசிரியர். மைந்தர் மியூனிச் சர்வகலாசாலையில் ஸொம்மர்பெல்டு என்பாரிடம் பயின்று, பின் கட்டிங்கன் நகரில் மாக்ஸ் பார்ன் என்னும் பேரறிஞரை அடுத்தார்.

அக்காலத்தே அணு நூலார்க்குப் பெருந்தடையாய் நின்றது ஹீலியம். ஹைட்ரஜன் அணுவில் எலெக்ட்ரான் ஒன்றே. அதன் நிறமாலையை நீல்ஸ் போரின் கொள்கை இனிது விளக்கிற்று. ஹீலியத்திலோ எலெக்ட்ரான் இரண்டு. அவை ஒன்றையொன்று தள்ளுவன. அதன் ஒளிக்கோடுகளும் தம்முட் கலவாத இரு தொகுதிகளாய் நின்றன. ஆகவே ஹீலியம் என்பது இரு வேறு வாயுக்களோ என்றும் முன்னர்ச் சிலர் ஐயுற்றனர்.

ஓர் எலெக்ட்ரான் மேனிலைக்கு உயர்ந்து அணு கிளர்ச்சியுற்ற நிலையில் அதன் ஆற்றல் யாது என்பதனை 1923-இல் பார்னும் ஹைஸன்பர்க்கும் கணித்தனர். விடை சோதனையோடு ஒவ்வவில்லை. கணக்கிற் குறையின்மையின், கொள்கையிலேயே குறையுண்டெனத் துணிந்து அதனை வெளியிட்டனர். அப்போது ஹைஸன்பர்க்கின் அகவை இருபத்திரண்டும் நிரம்பவில்லை.

1925-இல் ஹெல்கோலண்டு தீவில் தனித்திருந்து புதிய குவாண்டம் இயக்கவியலுக்கு அடிகோலினார். மறுயாண்டு கோபன்ஹேகன் நகரில், பழைய ஹீலியக் கணக்கையே மீண்டும் கையிலெடுத்தார். எலெக்ட்ரான்கள் இரண்டும் வேற்றுமை காணவொண்ணாதவை; ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைப்பினும் அணு அதுவே. இதனால் இருவகை அமைப்புக்களே இயலும். ஒன்றில் அவை தம்முள் நெருங்கக்கூடும். மற்றொன்றில் விலகியே நிற்கும். விலகி நிற்பின் ஆற்றல் தாழும். கிளர்நிலைகளுள் மிகத் தாழ்ந்த இரண்டிடையே இவ்வேறுபாடு ஏறத்தாழ 0.8 எலெக்ட்ரான் வோல்ட் ஆகும். இரு தொகுதிகளின் மருமம் இவ்வாறு வெளிப்பட்டது.

1932-ஆம் ஆண்டிற்குரிய நோபெல் பரிசு இவரைச் சேர்ந்தது. ஹிட்லர் ஆட்சியில் நாட்டைவிட்டு நீங்காது, போர்க்காலத்தில் யுரேனிய ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1945-இல் சிறைப்பட்டு இங்கிலாந்திற் காவலில் வைக்கப்பட்டார். அவர் வாழ்வின் இப்பகுதி குறித்து அறிஞர் கருத்து ஒன்றுபட்டிலது. 1976-ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் நாள் மியூனிச் நகரில் உயிர்நீத்தார்.

ஒவ்வாத விடையை ஒவ்வியதாகத் திரித்திருப்பின், அன்றே சிறுபுகழ் கிட்டியிருக்கலாம்; ஹீலியத்தின் உண்மையோ இவர்க்குப் புலப்பட்டிராது. கல்வி கற்கும் நாம் இதனை மறத்தலாகாது.