ரணவைத்தியர் பெர்சிவல் பாட்

மேனாட்டு ரணவைத்தியருள் தம் பெயரை நோய்களுக்கே விட்டுச்சென்றவர் பெர்சிவல் பாட் என்பார். 1714-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரிற் பிறந்த இவர், இளமையிலேயே தந்தையை இழந்து, எட்வர்ட் நோர்ஸ் என்னும் ரணவைத்தியரிடம் மாணவராயமர்ந்து தொழில் பயின்றார். 1749-இல் புனித பர்த்தலோமேயு வைத்தியசாலையின் ரணவைத்தியரானார்.

1756-இல் இவர் குதிரையினின்று வீழ்ந்தார். முறிந்த காலெலும்பு தோலைக் கிழித்து வெளிப்பட்டது. பிறர் தம்மை வாரித் தூக்கவொட்டாது, ஒரு கதவை விலைக்கு வாங்குவித்து, அதிற் கம்புகளைப் பிணைப்பித்து, அதன்மேற் கிடந்தவாறே இல்லஞ் சேர்ந்தார். காலைத் துணிப்பதே வழியென வைத்தியர் துணிந்த வேளையில் முன்னாள் ஆசிரியர் நோர்ஸ் வந்து தடுத்தார். கால் பிழைத்தது, பாட் நோய்ப்படுக்கையிலேயே நூலெழுதத் தலைப்பட்டார்.

1760-இல் தலைக்காயங்களைப் பற்றி எழுதினார். அடிபட்டுச் சில நாட் கழித்துத் தலைத்தோலில் மெத்தென்ற வீக்கமெழுமாயின், கீழே கபாலவெலும்பு கெட்டுச் சீழ் தங்கியிருத்தல் கூடுமெனக் காட்டினார். அவ்வீக்கம் இன்றும் இவர் பெயரால் வழங்குகின்றது. 1779-இல், முதுகு கூனிக் கால்கள் செயலற்றுப்போவோரை ஆராய்ந்து, முள்ளெலும்பு உள்ளே அரிக்கப்படுதலே காரணமென்றார். முதுகருகே புண்ணுண்டாக்கிச் சீழ்வடிய விடுதலே அவர் கையாண்ட சிகிச்சை. நோயை அறிந்தார், மருந்தை அறிந்திலர். 1788-இல் காலமானார்.

அவ்வெலும்பரிப்பிற்கு மூலமாகிய க்ஷயக்கிருமியை ஜெர்மானியராகிய ராபர்ட் கோக் 1882-இற் கண்டறிந்தார். அக்கிருமியே சிலருக்குச் செவியையும், செவிக்குப் பின்னுள்ள எலும்பையும், கபாலத்தையும் பற்றுகின்றது. நோவின்றியே காது நெடுநாள் ஒழுகும். செவிப்பறையிற் பல துளைகள் விழும். கேள்வி வெகுவாகக் குன்றும். சிலருக்கு முகநரம்பு தளர்ந்து வாய் கோணும். வழக்கமான மருந்திற்கு அடங்காத இத்தகைய ஒழுக்கினைக் கண்டால், சிறு தசைத்துணுக்கை எடுத்துச் சோதித்தும், கிருமியை வளர்த்துப் பார்த்தும் தெளிதல் வேண்டும். ஐசோநயாசிட், ரிபாம்பிசின் முதலிய மருந்துகளை ஆறு திங்களேனும் இடைவிடாதுண்ணலே முதற் சிகிச்சை. மாண்ட எலும்பை அகற்றவும், தங்கிய சீழை வெளியேற்றவுமே கத்தி வேண்டப்படும்.

நோர்ஸ் அன்று பொறுத்திராவிடின் பாட் ஒற்றைக்காலராயிருப்பார். கருவியை எடுக்குமுன் நோயின் மூலத்தை நாடும் அப்பொறுமையே வைத்தியத்திற்கு உயிர். வைத்தியம் பயிலப் புகும் நம் மாணவர் இதனை உளங்கொள்வாராக.